சிவப்புப் புள்ளி வைக்காத பொட்டலம்

நாப்கினை விட்டுத் துணி பேடுக்கு ஏன் மாறினாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஆபீஸில் பெண்கள் கூட்டத்தில் மைக் பிடித்தே சொல்லியிருக்கிறேன். மண், நீர், மக்காத பிளாஸ்டிக், நம் பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் அதில் வரும். எனக்குப் பிள்ளைகள் இல்லை என்றாலும் எதிர்காலம் வரும். எல்லோரும் கைதட்டினார்கள், ஒரு தொட்டிச் செடியும் கொடுத்தார்கள். அந்தக் கதையில் ஒரு வரிகூட உண்மை இல்லை. நடந்தது வேறு. அதை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கட்டடம். மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. கீழே ஓனரம்மா. கன்னடத்துக்காரர், ஆனால் தமிழ்க் குடித்தனக்காரர்களோடு இருபது வருஷமாகச் சண்டை போட்டுப் போட்டுத் தமிழ் நன்றாக வந்துவிட்டது. இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் நானும் என் கணவரும். எதிர் வீட்டில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அந்த அக்காவுக்கு கார்மென்ட்ஸில் வேலை. காலை ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் வந்துவிடும். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் இருக்கமாட்டார். ஒன்பதாவது படிக்கும் ஒரே பெண். நான் அந்த அம்மாவை அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்பார். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், பிறகு சொல்லவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஈரக் குப்பையை அவரவர் தனியாகக் கொடுத்துவிடுவோம். உலர்ந்த குப்பைக்கு மட்டும் மாடிக்கு ஒரு நீல பக்கெட். படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கும், இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு வாரம் நாங்கள் அதைக் கீழே கொண்டுபோக வேண்டும், ஒரு வாரம் அவர்கள். நாப்கினுக்கு மட்டும் தனி விதி. செய்தித்தாளில் சுற்றி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் சிவப்பாகப் புள்ளியோ பெருக்கல் குறியோ போட்டு, குப்பை வண்டிக்காரம்மா கையில் தனியாகக் கொடுக்க வேண்டும். ஊரெல்லாம் உள்ள விதிதான். ஓனரம்மா அதைத் தன் கையால் எழுதி கேட்டில் ஒட்டியும் வைத்திருந்தார்.

நான் அதைச் செய்ததே இல்லை. இத்தனைக்கும் எனக்கு வேலை சாப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் விதியை மீறினால் சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்புவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் காலை ஏழரை மணிக்கு அந்த கேட்டில் இஸ்திரி வண்டிக்காரர் நிற்பார், பைக்கைத் துடைத்துக்கொண்டு முதல் மாடிப் பையன்கள் நிற்பார்கள், ஓனரம்மாவின் வீட்டுக்காரர் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். அத்தனை பேருக்கும் நடுவில் சிவப்புப் புள்ளி வைத்த பொட்டலத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போவதா? எனக்கு இன்றைக்குத்தான் என்று தண்டோரா போடுவதற்கு அது சமம் என்று எனக்குத் தோன்றியது. வேலூரில் நான் வளர்ந்த வீட்டில், மருந்துக் கடையிலிருந்து அம்மா இதை வாங்கி வருவது ஏதோ கடத்தல் சாமான் வருவதுபோல இருக்கும். பேப்பர், அதன்மேல் கறுப்பு கவர், அதன்மேல் காய்கறிப் பை. அந்தப் பழக்கம் என்னோடு பெங்களூர் வரைக்கும் வந்துவிட்டது.

எனவே நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். ஒரு லிட்டர் பால் கவரைக் கழுவி வைத்துக்கொண்டு, சுருட்டிய பேடை அதற்குள் திணித்து, வாயை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு, நீல பக்கெட்டில் அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் சொருகிவிடுவேன். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அதைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது. பால் கவர் என்றால் காசு, குப்பை எடுக்கிறவர்கள் அதைத்தான் முதலில் கையால் பொறுக்கித் தனியாகப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் பொய். தெரிந்துகொள்ள நினைக்கவில்லை.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. பக்கெட் எடுத்துப் போகும் முறை எதிர் வீட்டுடையது. அக்கா வேலைக்குப் போய்விட்டார். "கசா, கசா" என்று குப்பை வண்டிக்காரம்மா கூவும் குரலும் விசிலும் கேட்டதும் அந்தப் பெண் யூனிபார்மில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் பையும் ஹெல்மெட்டுமாக ஆபீஸுக்குக் கிளம்பினேன். கீழே சத்தம் கேட்டது.

குப்பை வண்டிக்காரம்மா என் பால் கவரைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ரப்பர் பேண்ட் அவர் விரலில் தொங்கியது. கையுறை கிடையாது. ஐம்பது வயதிருக்கும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழம்மா.

"யாருதும்மா இது? இதைக் கையால எடுக்கறவளும் பொம்பளைதானே? மார்க் போட்டுத் தனியா குடுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? சோறு துன்ற கைம்மா இது."

ஓனரம்மா வெளியே வந்தார். "ஏனிது, சீ! எந்த மாடி பக்கெட் இது? ரெண்டாவது மாடியா?" என்றவர், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "வயசுக்கு வந்த பொண்ணு, இதுகூட உங்கம்மா சொல்லிக் குடுக்கலையா?"

இஸ்திரி வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்தார். பைக் பையன்களில் ஒருவன் சிரித்தான். அந்தப் பெண் காலிப் பக்கெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "எங்களுது இல்ல ஆன்ட்டி," என்றாள் ஓனரம்மாவிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் கடைசிப் படியில் நின்றிருந்தேன். ஓனரம்மா என்னைப் பார்த்துவிட்டார். "நோடி மேடம், பாருங்க, படிக்கிற பொண்ணு செய்யற வேலை இது. நீங்களே சொல்லுங்க."

அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் போயிருந்தால்கூடப் பாதிப் பாவம்தான். நான் வாயைத் திறந்தேன். வந்தது புத்திமதி. "பரவால்லடா கண்ணா, அடுத்த தடவை பேப்பர்ல சுத்தி, சிவப்பா மார்க் போட்டுக் குடுத்துடு. இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல" என்றேன். அவ்வளவு இதமான குரலில் நான் என் கணவரிடம்கூடப் பேசியதில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த மாடியில் இருப்பது இரண்டே வீடு. தன் வீட்டுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். மீதி யார் என்று கணக்குப் போட ஒன்பதாவது வரைக்கும் படித்திருக்கத் தேவையில்லை. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

சாயங்காலம் ஏழு மணி வாக்கில் எதிர் வீட்டில் பேச்சு பலத்தது. எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவில் ஐந்தடிதான் இடைவெளி, தாளிக்கிற சத்தம்கூடக் கேட்கும். ஓனரம்மா கேட்டிலேயே அக்காவை மறித்துச் சொல்லிவிட்டார் போல.

"நம்ம வூட்ல ஏதுடி பேடு? ஸ்கூல்ல குடுக்கறதை எடுத்தாந்து போட்டியா?"

"நான் போடலம்மா. அது எதிர் வீட்டு ஆன்ட்டியோடது."

அறை விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. "அவங்க படிச்சவங்கடி. ஐடில வேலை பாக்கறவங்க. அவங்களா இப்பிடிப் போடுவாங்க? செஞ்சதும் இல்லாம மேடம் மேல பழி வேற போடறியா?"

மறுபடி ஓர் அறை விழுந்தது. நான் சமையலறையில் தோசைக் கரண்டியோடு நின்றிருந்தேன். ஐந்தடி நடந்து கதவைத் தட்டினால் போதும். தோசை கருகியது. கணவர் ஹாலிலிருந்து, "என்ன சத்தம் அங்க?" என்றார். "ஏதோ அம்மா பொண்ணு சண்டை" என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையை ஊற்றினேன்.

அன்றிரவு சாப்பிட்டதும் போனில் துணி பேட் ஆர்டர் செய்தேன். ஆறு பேடும் ஒரு சின்னப் பையும். பூமியைக் காப்பாற்ற இல்லை. இனி என் வீட்டிலிருந்து பொட்டலமே போகக்கூடாது, போனால்தானே மாட்டிக்கொள்வேன் என்ற ஒரே நினைப்பு. தடயத்தை அழிக்கிறவளின் புத்தி அது. வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு வரவில்லை.

துணி பேட் அவ்வளவு சுலபமாக என்னை விடவில்லை. முதல் மாதம் தெரியாமல் வெந்நீரில் போட்டுக் கறையை நிரந்தரமாக்கினேன். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசி, அதற்கப்புறம்தான் சோப்பு போட வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். பாத்ரூமில் மூடி போட்ட ஒரு பக்கெட் வைத்தேன். என் கணவர் அதை வெடிகுண்டு மாதிரி சுற்றிப் போவார். "இதைத் தொடலாமா, கூடாதா? எழுதி ஒட்டிடேன்" என்று கிண்டல் செய்தார். எழுதி ஒட்டுவது என்றதும் கேட்டில் இருந்த அந்தத் தாள் ஞாபகம் வந்து எரிந்து விழுந்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

மூன்று வருஷமாகப் பால் கவரில் திணித்து எறிந்ததை இப்போது உள்ளங்கையில் வைத்துக் கசக்க வேண்டியிருந்தது. என்னுடையதுதான், என் உடம்பிலிருந்து வந்ததுதான். அப்படியும் முதல் சில தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அலசினேன். ஒவ்வொரு தடவையும் அந்த வண்டிக்காரம்மாவின் விரல்கள் கண்முன்னால் வரும். சோறு தின்கிற கை என்று அவர் சொன்னது வரும்.

காயப்போடுவது அதைவிடப் பெரிய பாடு. மொட்டைமாடிக் கொடி எல்லோருக்கும் பொது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துண்டுக்கு அடியில் ஒளித்துப் போட்டேன். பெங்களூர்த் தூறலில், வெயில் படாமல், இரண்டு நாளானாலும் ஈரம் போகவில்லை. லேசாக வாடை வந்தது. அதையே வைத்துக்கொண்டு தொடையெல்லாம் அரித்துப் புண்ணானது. நல்லா வேணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதங்களில் எதிர் வீட்டுப் பெண் என்னோடு பேசவில்லை. முன்பெல்லாம் படியில் பார்த்தால் ஆன்ட்டி, ஆன்ட்டி என்று என் ஸ்கூட்டர் சாவியை வாங்கிச் சுழற்றிக்கொண்டே வருவாள். இப்போது நான் ஏறினால் அவள் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவாள். மரியாதையாகத்தான் ஒதுங்குவாள். அதுதான் தாங்கவில்லை.

இதற்கு நடுவில்தான் ஆபீஸ் கூட்டம். என் பேக்கில் இருந்த துணிப் பையைப் பார்த்து ஒரு தோழி விசாரிக்க, துணி பேட் என்று சொன்னேன். அது பரவி, நீதான் பேச வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். மறுத்திருக்கலாம். பேசினேன். வெட்கத்தை உடைக்க வேண்டும் என்றேன். குப்பை எடுக்கும் பெண்களின் கைகளை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது என் குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, ஆனால் கேட்டவர்கள் அதை வேறு எதுவாகவோ எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். தொட்டிச் செடியை ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அந்தக் கைதட்டல் கொடுத்த தைரியத்தில் அடுத்த மாதம் பேடுகளை நடுக்கொடியில், நல்ல வெயிலில், கிளிப் மாட்டி வரிசையாகப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுக்கப் போனபோது எதிர் வீட்டு அக்கா அங்கே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் இருந்த பட்டனைத் திறந்து திறந்து மூடினார். கார்மென்ட்ஸில் தைக்கிற கை, தையலைத் தடவிப் பார்த்தது.

"நல்லா தையல் அடிச்சிருக்காங்க மேடம். நீங்களும் துணிதானா? எங்க வூட்லயும் துணிதான். பழைய காட்டன் புடவை. அந்த நைட்டிக்கு உள்ளார போட்டிருக்கேன், பாருங்க." தொட்டிக்குப் பின்னால், நான் ஒளித்துப் போட்ட அதே இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நைட்டி தொங்கியது. அவர் அதை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு உடனே விட்டார். "உங்களை மாதிரி படிச்சவங்களே துணி வெச்சிக்கிறீங்கன்னா, நான் எதுக்கு வெக்கப்படணும்?"

நான் என்னமோ சொன்னேன். அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எம் பொண்ணுதான் மேடம் அன்னிக்கு அப்பிடிப் பண்ணிட்டா. இன்னி வரைக்கும் ஒத்துக்கல. பொய் சொல்ற புத்தி எங்கேருந்து வந்துச்சோ. தினம் சாயந்தரம் பையைக் கொட்டிப் பாக்கறேன். ஸ்கூல்ல இவளுக்கு பேடு குடுக்காதீங்கன்னு டீச்சர்கிட்டயே சொல்லிட்டேன். நீங்க ஒரு தடவை வூட்டுக்கு வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்களேன். உங்க பேச்சைக் கேப்பா."

காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே துணியோடு அந்தப் பெண் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேடுகளை எடுக்காமலேயே கீழே வந்துவிட்டேன். வீட்டுக்குள் போனால் மறுபடி கோழையாகிவிடுவேன் என்று தெரிந்ததால் படிக்கட்டிலேயே நின்று, அக்கா இறங்கி வந்ததும் அவர் பின்னாலேயே அவர் வீட்டுக்குள் போனேன்.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "மேடம் வந்திருக்காங்க, எழுந்திரு" என்றார் அக்கா. பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்து எனக்குப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அன்னிக்கு அந்தக் கவரை நான்தான் போட்டேன். உங்க பொண்ணு இல்ல. அவ சொன்னது நிஜம்."

அக்கா என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. நம்பிவிட்டார் என்று நினைத்து எனக்கு மூச்சே லேசானது.

"உங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு மேடம்," என்றார். "அடிச்சேன்னு கேட்டு மனசு கஷ்டமாயிடுச்சா? அதுக்காக நீங்க ஏன் பழியை ஏத்துக்கறீங்க?"

"இல்லக்கா, நிஜமா நான்தான்."

"நீங்கதான் துணி வெச்சிக்கிறீங்களே. மாடில இப்பத்தானே பாத்தேன்."

"அதுக்கப்புறம்தான்க்கா துணிக்கு மாறினேன். அதனாலதான் மாறினேன்."

அவர் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் விடவில்லை. அது ஒரு லிட்டர் கவர், நாங்கள்தான் ஒரு லிட்டர் வாங்குகிறோம், நீங்கள் அரை லிட்டர்தானே என்றேன். பச்சை ரப்பர் பேண்ட் போட்டிருந்தது என்றேன். "பக்கெட் பொதுதானே மேடம், உங்க கவர் அதுலயேதான் கிடக்கும். அதுலேருந்து எடுத்திருப்பா" என்றார் அக்கா. எதற்கும் அவரிடம் பதில் இருந்தது. பத்து வருஷமாகக் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவளால், தான் செய்த ஒரு குற்றத்தை நிரூபிக்க முடியவில்லை.

"பாத்தியாடி," என்றார் அக்கா, மகளைத் திரும்பிப் பார்த்து. "நீ செஞ்சதுக்கு மேடம் தன் தலையில போட்டுக்கறாங்க. இவங்க மேலயா நீ பழி போட்ட?" பிறகு என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "ஒரு வாய் காபி குடிச்சிட்டுத்தான் போவணும்."

அவர் சமையலறைக்குப் போனார். பால் கவரைக் கத்தரிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் இல்லை. அவள் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கூப்பிட, அவள் உள்ளே போய்க் காபி டம்ளரோடு வந்தாள்.

டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஆன்ட்டி, அன்னிக்கு கீழயே சொல்லியிருந்தீங்கன்னா அம்மா நம்பியிருப்பாங்க இல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஆமாம்மா," என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு டம்ளருக்காகப் பக்கத்திலேயே நின்றாள். எனக்கென்று அக்கா சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டிருந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.